கீபோர்டின் மேல் ஒரு கால்

எங்கள் கம்பெனி ஷூ செய்யும் கம்பெனி. ஆம்பூரில் ஹைவே ஓரமாக இருந்தது. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் காலை நம்பித்தான் சாப்பிட்டோம். அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரே ஓர் அறைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது கம்ப்யூட்டர் ரூம். அந்த அறைக்கு ராணி நான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ, தலையில் அதைவிடப் பெரிய கனம். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு வேலை கிடைத்த வாரம், டீச்சராக இருந்த அம்மா சர்ச்சில் சபை முன்னால் எழுந்து நின்று, மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டாள் என்று சாட்சி சொன்னார். நான் இன்ஜினியர் இல்லை. அதைத் திருத்தவும் இல்லை. கர்த்தருக்கு உண்மை தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் ஓர் அப்பர். ஒவ்வொரு துண்டையும் ஸ்கிரீனில் வரைந்து, சின்னக் காலிலிருந்து பெரிய கால் வரை அளவு பிரித்து, அட்டையில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால் அதைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள், நன்றாகவும் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது விஞ்ஞானம் ஆகிவிட்டது. அறைக்கு ஏ.சி. போட்டார்கள். முதல் நாள் பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். கட்டிங் மாஸ்டர் யாருக்கும் தெரியாமல் மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார். அம்மா சொன்னபடி நானும் கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்துகொண்டேன். மூன்று மதத்தின் பாதுகாப்புடன் அது மாதம் இரண்டு முறை படுத்துக்கொள்ளும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு எனக்கு மட்டுமே தெரியும். மேனேஜருக்குக்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பத்து நாள் தங்கினார். வாழைப்பழமும் அவித்த முட்டையும் தவிர வேறெதையும் தொடவில்லை. மத்தியான இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும், பையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துச் செருகி கேம் ஆடுவார். அவர் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் முதலாளி தன் வழக்கப்படி அவருக்கு இரண்டு லெதர் ஜாக்கெட், நாலு ஜோடி ஷூ, பெல்ட், பர்ஸ் எல்லாம் கொடுத்தார். பெட்டி மூடவில்லை. எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற நிலை. ஜாய்ஸ்டிக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேமும் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. ஜாய்ஸ்டிக்கை ஒரு ஷூ டப்பாவில் வைத்து, டப்பாவை சாம்பிள் டப்பாக்களோடு அடுக்கிவிட்டேன். ஷூ கம்பெனியில் ஷூ டப்பாவை யார் சந்தேகப்படுவார்கள்?

கேம் இதுதான். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இரும்பு ராட்சசன். அவன் தலைக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கண்ணாடிக்கு வெளியே யுத்தபூமி. அவனை நடக்கவைத்து, எதிரே வரும் மற்ற ராட்சசர்களைச் சுட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் அவன் இடுப்பில். கால்களுக்கு கீபோர்டு, உடம்புக்கு ஜாய்ஸ்டிக். கால் கிழக்கே நடக்கும்போதே இடுப்புக்கு மேலே தெற்கே திரும்பிச் சுட முடியும். முடியும் என்று அதைச் செய்த மகான்கள் சொல்கிறார்கள். நான் உடம்பைத் திருப்பினால் காலும் அந்தப் பக்கம்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அது தன் பாட்டுக்கு வேறு பக்கம் நடந்து பாறையில் முட்டி நிற்கும். பயத்தில் எல்லாத் துப்பாக்கியையும் ஒரேயடியாக அழுத்துவேன். சுடச் சுட ராட்சசனுக்கு உள்ளே சூடு ஏறும். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு அதைக் காட்டும். கோடு உச்சிக்குப் போனால் அவன் தானாகவே அணைந்துவிடுவான். அப்புறம் எதிரிகள் நிதானமாக வந்து ஒவ்வொரு கையாகக் கழற்றுவார்கள்.

முதல் இரண்டு கட்டத்தை எப்படியோ தாண்டினேன். மூன்றாவதில் ஒரு காய்ந்த ஆற்றை எண்ணெய் லாரிகளோடு கடக்க வேண்டும். ஒரு லாரியாவது அக்கரை சேர வேண்டும். மணலும் கல்லும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அகலமும் தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிற பாலாறு மாதிரியே இருக்கும். நாலு மாதம் தினமும் மத்தியானம் டிபன் பாக்ஸை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு அந்த ஆற்றில் இறங்கினேன். ஒரு லாரிகூட அக்கரை சேரவில்லை.

இதற்கிடையில் என் விஞ்ஞானத்துக்கும் ஒரு கேடு வந்தது. நான் எடுத்துக் கொடுத்த அளவுகளில் வெட்டிய துண்டுகள் தையலில் சேரவில்லை. வளைவில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தோல் சுருங்கும். ஸ்டிச்சிங் லைனிலிருந்து புகார் வந்தபடியே இருந்தது. மேனேஜர் யோசித்து, லைனிலேயே நல்ல டெய்லர் ஒருவரை தினமும் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அப்பர் தைக்கிறவர்களை எங்கள் ஊரில் டெய்லர் என்றுதான் சொல்வோம்.

வந்தவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆம்பூர்க்காரர். பதின்மூன்று வருடமாகத் தைக்கிறார். நான் அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். வாய்தான் அக்கா என்றது. மனசுக்குள் நான் மேடமாகத்தான் இருந்தேன்.

அவர் ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். நான் பின்னாலேயே துணியால் துடைப்பேன்.

"இந்த எடத்துல கம்மி பண்ணுங்க மேடம். இங்க கொஞ்சம் ஜாஸ்தி குடுங்க. தோலு இழுக்கும் இல்ல? அட்டைக்கு இன்னா தெரியும் அது?"

அவர் சொன்னபடி மாற்றினேன். மூன்றே வாரத்தில் புகார் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்த அக்காவும் சிரித்தார்.

எங்கள் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டுக்கும் மெத்தை உண்டு, முதுகு சாய இடம் உண்டு. முதல் நாள் அவர் நுனியில் உட்கார்ந்தார். லைனில் ஸ்டூல்தான், அந்தப் பழக்கம். ஒரு வாரம் கழித்து மெல்லச் சாய்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பதிமூணு வருஷமா ஸ்டூலு மேடம். முதுகு போயிடுச்சு. டாக்டரு தையல வுட்டுடுன்றாரு. வுட்டுட்டு இன்னா பண்றது?" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து, "ரெண்டாவது கம்ப்யூட்டர் வருதாமே. லைன்ல இருந்து ஒருத்தர எடுத்துக் கத்துக் குடுப்பாங்களாமே. எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்" என்றார்.

அது உண்மைதான். முதலாளியே சொல்லியிருந்தார். யாரை எடுக்கலாம் என்று மேனேஜர் என்னிடம்தான் கேட்பார்.

"கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

ஒருநாள் அவர் மத்தியானம் சீக்கிரமே வந்துவிட்டார். நான் ஆற்றில் இருந்தேன். நிறுத்தவில்லை. பின்னால் நின்று பார்த்தார். என் ராட்சசன் வழக்கம்போல் பாறையில் முட்டி, வழக்கம்போல் சூடாகி அணைந்தான்.

"இன்னா மேடம், அத்தன வாட்டி சுட்டா சூடாகாதா? கெட்டித் தோல வேகமா அடிச்சா ஊசி சூடாயி நூலு எரிஞ்சிடும். நாலு தையல் போட்டு நிறுத்தணும். மறுபடி நாலு."

"இது தையல் இல்லக்கா."

"சரி, குடுங்க, பாக்கலாம்."

கொடுத்தேன். சிரிக்கலாம் என்றுதான் கொடுத்தேன். அவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துப் பார்த்தார். கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"நடக்கறது எதுல?"

"இந்த நாலு பட்டன்லக்கா."

"நடக்கறதுக்குக் கையா?" என்றவர் கீபோர்டைத் தூக்கினார். வயர் எட்டும் வரை இழுத்து, மேஜைக்கு அடியில் தரையில் வைத்தார். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வலது காலை அதன் மேல் வைத்தார்.

சின்ன வயதில் காகிதத்தை மிதித்ததற்கே என் வீட்டில் அடி விழுந்திருக்கிறது. இது கம்ப்யூட்டர். என் முகத்தைப் பார்த்து அவருக்குத்தான் ஆச்சரியம். தன் தையல் மெஷினையும் தினமும் காலையில் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மிதிக்கிறார். கும்பிடுவதையே மிதிப்பதில் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் மறக்கவே இல்லை. லைனில் அவர் வேலை என்ன என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. பாதம் மோட்டாரை மிதிக்கும். முட்டி பக்கவாட்டில் ஒரு கம்பியைத் தள்ளி, தோலை அமுக்கிப் பிடிக்கும் ஊசிப் பாதத்தைத் தூக்கும். இரண்டு கையும் தோலை வளைவுக்குத் தக்கபடி திருப்பும். கண் ஊசியைப் பார்க்காது. அடுத்து வரப்போகிற இடத்தைப் பார்க்கும். பதின்மூன்று வருடமாக இடுப்புக்குக் கீழே ஒரு வேலையும் இடுப்புக்கு மேலே ஒரு வேலையும் செய்துகொண்டிருந்தவர். இரண்டு நாள் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் பட்டன்களின் இடம் பழகவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அந்த இரும்பு ராட்சசன் பாலாற்று மணலில் கிழக்கே நடந்துகொண்டே தெற்கே திரும்பி, நாலு குண்டு, நிறுத்தம், மறுபடி நாலு குண்டு என்று சுட்டான். சிவப்புக் கோடு பாதியைத் தாண்டவில்லை.

இரண்டாவது வாரம் ஆற்றைக் கடந்தார். மூன்று லாரியும் பத்திரமாக அக்கரை சேர்ந்தன.

"அவ்ளோதானா மேடம்?" என்றார்.

நான் கைதட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது இவருக்கு டிப்ளமோ இல்லை, இங்கிலீஷ் தெரியாது, ஸ்கிரீனைத் தொட்டு அழுக்காக்குகிறார் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் பழைய பஞ்சாங்கக் காலண்டர் அட்டையைத் தரையில் போட்டு, அதில் நாலு கட்டம் வரைந்து காலால் அழுத்திப் பழகிப் பார்த்தேன். சுளுக்கியது. கிறிஸ்தவ வீட்டில் பஞ்சாங்கக் காலண்டர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஸ்கூலில் இலவசமாகக் கொடுத்தது.

ஆனாலும் தினமும் மத்தியானம் அவரை ஆடவிட்டேன். அடுத்தடுத்த கட்டங்களில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வேறு வழியில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் நான் கேமைத் திறந்து கொடுத்துவிட்டு, அட்டைகளை எடுத்துக்கொண்டு சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனேன். திரும்பும்போது எங்கள் அறை வாசலில் அந்த அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் மேனேஜரின் ஷூ கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே சத்தம் கேட்டது. நான் நின்றேன். என் செருப்பின் வாரை மெதுவாகக் கழற்றினேன். ஆகவே யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மேனேஜரின் முகம் சிவந்திருந்தது. அந்த அக்கா எழுந்து சுவரோரமாக நின்றார். கீபோர்டு தரையிலேயே கிடந்தது.

"கீபோர்டு மேல கால வச்சிருக்கா பாரும்மா! காலு! எவ்வளவு பெரிய சாமான் அது! முதலாளி பாத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கத்தினார். கேமைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. காலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காலால் பிழைக்கிற கம்பெனியின் மேனேஜர் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத நீதான் போட்டுக் குடுத்தியா?"

"இல்ல சார். நான் சாம்பிள்ல இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

முதல் பாதி உண்மை. அந்த அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் குனிந்து கீபோர்டை எடுத்து மேஜைமேல் வைத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு வெளியே போனார்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஷிப்மென்ட் நேரம், அவர் அளவுக்கு வளைவு தைக்க லைனில் ஆளில்லை. கம்ப்யூட்டர் ரூமுக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தபோது யாரை எடுக்கலாம் என்று மேனேஜர் என்னிடம் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. படித்த ஒருவரை வெளியிலிருந்து எடுத்தார்கள். அவர் அந்த நாற்காலியில் சட்டையை மாட்டி வைப்பார். மேனேஜர் வந்து கத்திய அன்றைக்கே நான் கேமை அழித்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கை என்ன செய்வது என்று தெரியாமல் பஸ் ஜன்னல் வழியாகப் பாலாற்றில் எறிந்தேன். ஆற்றில் போய் விழுந்ததா, சாலை ஓரத்திலேயே விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

புது டிசைன்களில் என் அளவுகள் மறுபடி பிசகின. வளைவில் சுருக்கம் வந்தது. இந்தமுறை மேனேஜர், "தோல் சரியில்ல" என்று தோல் பதனிடும் டேனரியைத் திட்டினார். மேல்விஷாரத்திலிருந்து தோல் கொடுத்துக்கொண்டிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. பொய்யில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இனிமேல் இந்தக் கம்பெனியில் யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று உறுதியானதும் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. கடைசி நாள் மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேம் என்னுடையது, நான்தான் திறந்து கொடுத்தேன், அந்த அக்கா மேல் தப்பில்லை என்றேன். கண்ணீர்கூட வந்தது. அவர் மேஜையில் இருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பாஸ்வேர்டு ஒனக்கு மட்டும்தானம்மா தெரியும். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் சார் அவங்கள..."

"அவள இங்க ஒக்கார வச்சிட்டா லைன்ல யாரு தைக்கறது? முதலாளியோ லைன்லருந்துதான் ஆள் எடுக்கணும்னு நின்னாரு. எப்படிடா வேணான்றதுன்னு பேஜாரா இருந்தது. நீ சொன்னது சௌகரியமா போச்சு."

அவர் என்மேல் கோபப்படவில்லை. மரியாதையாக எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். அவ்வளவு வருடம் என் பாவம் என்று நான் சுமந்துகொண்டிருந்தது அவருக்கு ஒரு சின்ன உதவியாக இருந்திருக்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது, அவர்மேல் இல்லை.

அங்கிருந்து நேராக ஸ்டிச்சிங் லைனுக்குப் போனேன். அந்த அக்கா அதே இடத்தில், அதே ஸ்டூலில் இருந்தார். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டியிருந்தார், டாக்டர் கொடுத்திருப்பார். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதை அப்படிக் கத்திக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பாதமும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. நாலு தையல், நிறுத்தம், மறுபடி நாலு தையல்.

முடித்ததும் நூலை வெட்டினார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"போவட்டும் மேடம். நீங்க போறீங்களே, ஒங்க சேருக்கு யாரு?"

எனக்குப் பதில் தெரியும். மேனேஜரின் கூடப்பிறந்த அக்காவின் மகன். ஒரு மாதமாக நான்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் இடத்துக்கு யாரை எடுக்கலாம் என்று முதலாளியே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். ஆளைப் பற்றி நல்லவிதமாக ஒரு பக்கம் எழுதியும் கொடுத்திருந்தேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட இந்த அக்காவின் ஞாபகம் எனக்கு வரவில்லை.

"ஆள் போட்டாச்சுக்கா" என்றேன்.

"ஓ" என்றார். பக்கத்துக் கூடையிலிருந்து அடுத்த அப்பரை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார்.